மாடல் மாறிய வாரம்

எங்கள் தெருவில் என்னைப் புஸ்தகம் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் மரியாதைக்கு, பாதிப் பேர் நக்கலுக்கு. எதுவானாலும் திரும்பிப் பார்த்துவிடுவேன். பழைய கார்களை, கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே திரும்பக் கொண்டுவருவது என் தொழில். அதற்கு என்னிடம் கம்பெனியே அச்சடித்த உதிரிபாகப் புத்தகங்கள் இருக்கின்றன, மாடலுக்கு ஒன்று. எந்த மாடலுக்கு எந்தக் கைப்பிடி, அந்தக் கைப்பிடிக்கு எத்தனை திருகு, திருகின் தலை தட்டையா உருண்டையா எல்லாம் படத்தோடு இருக்கும். வண்டிக்குச் சொந்தக்காரர் சொன்னாலும் கேட்க மாட்டேன், இன்னொரு மெக்கானிக் தலைகீழாக நின்று சொன்னாலும் கேட்க மாட்டேன். புத்தகம் சொன்னால் சரி. இந்தத் திமிரால் நான் ஒரு குடும்பத்துக்குச் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்ன இடத்திலெல்லாம் என் பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது சாய்க்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

என் பட்டறையிலிருந்து மூன்றாவது வீடு ஃபிட்டர் அண்ணனுடையது. கார் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே அங்கிருந்து வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்தே காலத்தை ஓட்டினார். தெருவில் எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் அண்ணன்தான் போவார். ஆனாலும் பெயர் மட்டும் ஃபிட்டர் என்றே நின்றுவிட்டது. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா பெரிய சலவை நிலையம் ஒன்றில் நீராவி இஸ்திரி போடுகிறவள். இரண்டு முன்கைகளிலும் சூடு பட்ட கோடுகள் வரிவரியாக இருக்கும். ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள், என்னை மாமா என்பாள்.

வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அதற்குள்தான் அண்ணன் ஃபிட்டராக இருந்த காலத்தில் வாங்கிய கார் நின்றது. அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை துணியை விலக்கி, எஞ்சினைக் கிளப்பி, தெருமுனை வரை போய்வந்து மறுபடி போர்த்திவிடுவார். எனக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே கை அரிக்கும். வெளிநாட்டிலிருந்துகூடத் தேடி வரக்கூடிய வண்டி, ஆனால் குளறுபடி. முகத்தில் சதுர விளக்கு. அப்படியென்றால் புது மாடல். உள்ளே எட்டிப் பார்த்தால் டாஷ்போர்டு பழைய மாடலுடையது, இரும்புத் தகட்டில் மூன்று வட்ட மீட்டர். கதவில் அழுத்தும் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் தூக்கித் திறக்கும் பழைய கைப்பிடி. பின் பம்பரும் பழசு, அதுவும் இடுக்கில் வாஷர் அடுக்கி நிறுத்தியது. கோட்டுக்குக் கீழே லுங்கி கட்டின ஆளைப் பார்ப்பது போல இருக்கும் எனக்கு.

“அண்ணே, எவனோ உங்க வண்டியில பழைய மாடல் சாமானை மாட்டி ஏமாத்தியிருக்கான். என்கிட்ட விடுங்க, ரெண்டே மாசம்.”

“எவனும் மாட்டலை. வந்ததே அப்படித்தான்.”

“புத்தகத்துல அப்படி ஒரு வண்டியே கிடையாதுண்ணே.”

“புத்தகத்த எழுதுனவன் எங்க ஃபேக்டரி லைன்ல நின்னானா?”

“அட, சதுர விளக்கு வண்டிக்கு வட்ட மீட்டர் வருமா? சின்னப் புள்ளைகூடச் சொல்லும்.”

“சொல்லட்டும். நீ கைய வெக்காத. ஒரு திருகக் கழட்டினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் இருக்கு ஒனக்கு.”

பத்து வருஷமாக இதே பேச்சுதான். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் கடைசி வார்த்தையில் சிரிப்பு இருக்காது. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். பிடிவாதம் என்று நினைத்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

போன வருஷம் மழைக் காலத்தில் அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. மகள் வந்து ஆபரேஷனுக்குத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். ஒரு கண் முடிந்து, அது ஆறி, அடுத்த கண். எப்படியும் ஏழு வாரம். சர்க்கரையும் இருந்ததால் டாக்டர் கொஞ்சம் பயமுறுத்தியும் வைத்திருந்தார். சலவை நிலையத்தில் விடுப்பு கிடைக்காததால் அக்கா இங்கேயே இருந்துவிட்டாள்.

அவர்கள் போன மூன்றாம் நாள், மத்தியான இடைவேளையில், அக்கா என் பட்டறைக்கு வந்தாள். இருபது வருஷத்தில் அவள் என் பட்டறைக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, கீழே கிடந்த எண்ணெய்க் கறைகளைத் தாண்டித் தாண்டி வந்து நின்றாள்.

“டீ சொல்லட்டுமாக்கா?”

“வேணாம் தம்பி. இப்பத் திரும்பிப் போகணும். ஒரு வேலை சொன்னா செய்வியா?”

“சொல்லுங்க.”

“அந்த வண்டிய எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிடு. அவர் வர்றதுக்குள்ள.”

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். “அண்ணன் என்னை வெட்டிப் போட்டுடுவாரே!”

“அதை நான் பாத்துக்கறேன். அதுல சேராத சாமான் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, அதெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துடு. உன் புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அப்படியே ஆக்கிடு.”

“சர்ப்ரைஸா அக்கா?”

அவள் சுவரில் மாட்டியிருந்த சக்கர மூடிகளைப் பார்த்தாள். பிறகு, “எடுக்கிற சாமானை இந்தத் தெருவுல எங்கயும் வெக்காத தம்பி. தூரமாப் போயிடணும்,” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எவனுக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும். எனக்கு வரவில்லை. பத்து வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த கதவு திறந்துவிட்டது, உள்ளே பாய்வதிலேயே குறியாக இருந்தேன். அன்று சாயங்காலமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஐந்து வாரம் நான் வேலை செய்தது போல என் வாழ்நாளில் செய்ததில்லை. மழை விடாமல் அடித்தது. தகரக் கூரைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. பெயின்ட் காயாது, விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்ட வேண்டும். மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும், கை கழுவ நேரமில்லாமல் காகிதத்தோடு பிடித்துத் தின்பேன். புது மாடல் டாஷ்போர்டு ஒரு பல் டாக்டரிடம் இருப்பது தெரிந்தது. அவர் பழைய மாடல் ஒன்றைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார், அவருக்கு வேண்டியது என்னிடம் இருந்தது. மாற்றிக்கொண்டோம். பொத்தான் கைப்பிடிகளை ஒரு ரொட்டிக் கடைக்காரரிடமிருந்து வாங்கி, பழைய கைப்பிடிகளை அவருக்குக் கொடுத்தேன். பின் பம்பரை வாங்கினவர் கப்பலில் போட்டு எங்கோ அனுப்பிவிட்டார். எல்லாமே சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தன என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். டாஷ்போர்டைக் கழற்றித் திருப்பியபோது அதன் முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தது. ஏழு இலக்கம். அதில் வரும் 7க்கு நடுவில் குறுக்குக் கோடு போட்டு, அழகான, நிதானமான கையெழுத்து. எந்தப் பட்டறைக்காரனோ கிறுக்கியது என்று நினைத்தேன். பல் டாக்டர் சுத்தம் பார்க்கிற ஆளாயிற்றே என்று பெயின்ட் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். மெழுகு சுலபத்தில் போகவில்லை, மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, கதவு. பொத்தான் கைப்பிடிக்கு ஓட்டை வேண்டிய இடத்தில் பெயின்டைச் சுரண்டினேன். ஓட்டை ஏற்கெனவே இருந்தது, ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். ஈயத்துக்கு மேலே கம்பெனியின் சிவப்பு அடிப்பூச்சு. அதற்கு மேலே கம்பெனி பெயின்ட். இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே, தொழிற்சாலைக்குள்ளேயே, பழைய கைப்பிடி போடுவதற்காக அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். என் கைக்கு அது தெரிந்தது. சுரண்டுகிற தகடு ஒரு நிமிஷம் நின்றது. எழுந்துபோய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் பொத்தான்தான் இருந்தது. திரும்பி வந்து ஈயத்தைச் சூடு காட்டி உருக்கி எடுத்துவிட்டேன். போட்டோ எடுத்து வைக்கும் வழக்கமும் எனக்குக் கிடையாது. புத்தகத்தில்தான் படம் இருக்கிறதே, எனக்கு எதற்குப் படம்!

வேலை முடிந்து வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். மற்றவர்கள் பெயின்டைப் பார்ப்பார்கள், மினுமினுப்பைப் பார்ப்பார்கள். அவள் டாஷ்போர்டையும் கைப்பிடியையும் பம்பரையும் மட்டும் பார்த்தாள். பிறகு, “அப்பாடா,” என்றாள். இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அண்ணன் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. மகள் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். முன் சீட்டிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு அண்ணன் இறங்கினார். பின்னாலிருந்து ஊன்றுகோலோடு இன்னொரு பெரியவர் இறங்கினார். மெலிந்த தேகம், சட்டைப் பையில் இரண்டு பேனா. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. தெருவிலேயே நின்று கத்தினார்.

“புஸ்தகம்! வாடா இங்க. இவர் யாரு தெரியுமா? எங்க கார் கம்பெனி லைன் இன்ஸ்பெக்டர். கண் ஆஸ்பத்திரி பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருக்கார். அவருக்கும் கண்ணுல கட்டு, எனக்கும் கட்டு. குரலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். முப்பது வருஷம் தேடின ஆளுடா!”

அக்கா வாசலில் நின்றாள். நான் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடினேன். என் வேலையை ஒரு இன்ஸ்பெக்டரே பார்க்கப்போகிறார் என்று எனக்கு உள்ளூரக் குஷி. இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா?

டீ குடித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். நிதானமாக, அறிக்கை படிப்பது போல.

“மாடல் மாத்துற வாரம். புது பாடி வந்தாச்சு, புது டாஷ்போர்டும் கைப்பிடியும் பம்பரும் வந்து சேரலை. லைன் நிக்கக் கூடாதுன்னு மேனேஜர் வாய் வார்த்தையா உத்தரவு போட்டார். பழைய சாமானையே புது பாடியில மாட்டு, தேவையில்லாத ஓட்டைய அடைன்னு. எழுத்துல ஒண்ணும் கிடையாது. எழுத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? பழைய சாமானையெல்லாம் உடைச்சாச்சுன்னு இருந்துச்சு. அப்படி முப்பத்தேழு வண்டி வெளிய விட்டோம். வெளியாளுக்கு விக்கக் கூச்சப்பட்டு, கொஞ்சத்தைத் தொழிலாளிங்க தலையிலயே கட்டினாங்க. இவர் வாங்கினது அதுல ஒண்ணு.”

“அதெப்படி நிச்சயமாச் சொல்றீங்க?” என்றேன், இன்னும் புரியாமல்.

“எது எந்த வண்டின்னு குழம்பிடக் கூடாதுன்னு, ஒவ்வொரு டாஷ்போர்டு முதுகுலயும் அந்தந்த வண்டியோட பாடி நம்பரை நானே மஞ்சப் பென்சில்ல எழுதினேன். அடுத்த மாசமே என்னை வேற நாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்டோர்ல திருட்டு போய், இவர் வண்டியில பழைய சாமானைப் பாத்துட்டு, உடைச்ச சாமான் உன் வண்டிக்கு எப்படி வந்துதுன்னு இவரைத் திருடன்னு வெளிய அனுப்பினது எனக்கு இப்பத்தான் தெரியும்.”

நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அண்ணன் தொடர்ந்தார். “நான் அப்பவே டாஷ்போர்டைத் திருப்பிக் காட்டினேன். நீயே எழுதியிருப்பேன்னாங்க. எழுதுன ஆள் வந்து என் கையெழுத்துன்னு சொன்னாத்தான் உண்டு. இப்பப் பழைய தொழிலாளர் சங்கம் புது முதலாளிகிட்டப் பேசியிருக்கு. அப்ப அதிகாரியா இருந்தவர் நேர்ல பாத்து எழுதிக் கொடுத்தா, குற்றம் இல்லைன்னு கம்பெனியே கடுதாசி கொடுக்குதாம். இந்த வருஷக் கடைசி வரைக்கும் கெடு. பணமெல்லாம் ஒண்ணும் கிடையாது, ஒரே ஒரு கடுதாசி. எனக்கு அது போதும். வாங்க சார், வண்டியப் பாத்துடுவோம்.”

மகள் சிரித்துக்கொண்டே, “இத்தனை நாள் என்கிட்டக்கூடச் சொல்லலை மாமா. ஆள் குறைப்புல வந்துட்டேன்னுதான் சொல்லிட்டிருந்தார்,” என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடுக்க வேண்டும், முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். கால்தான் எழுந்தது, வாய் எழவில்லை. அதற்குள் அண்ணன் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் ஆன கண், வெளிச்சத்திலிருந்து உள்ளே போனால் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது அவருக்கு. பழக்கத்தில் துணியை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவுக்குக் கையை நீட்டினார். விரல்கள் கைப்பிடியைத் தூக்கப் போயின. அங்கே தூக்க ஒன்றுமில்லை. பொத்தான் இருந்தது. விரல்கள் அந்தப் பொத்தானைத் தடவின, சுற்றிலும் தடவின, கதவின் விளிம்பு வரை போய்த் திரும்பி வந்தன.

“இது யார் வண்டி?” என்றார்.

என் பக்கம் திரும்பினார்.

“என் வண்டி எங்கடா?”

“இதுதாண்ணே,” என்றேன். “நான்தான் சரி பண்ணினேன்.”

இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்.

“டாஷ்போர்டு முதுகுல நம்பர் இருந்துச்சா?”

“இருந்துது சார். ஏழுல குறுக்குக் கோடு போட்டு.”

“என் எழுத்துதான். அது எங்க?”

“தொடச்சிட்டேன்.”

“கதவு ஓட்டைய அடைச்ச ஈயம்?”

“உருக்கி எடுத்துட்டேன்.”

“அடிப்பூச்சுக்குக் கீழ இருந்துதா மேல இருந்துதா?”

“கீழ.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“பாத்துமா?” என்றார். என் தொழிலில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

மகள்தான் வெடித்தாள். “என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க? கை வெக்காதன்னு அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கார்? ஒரு போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே? உங்க புத்தகத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க!”

“திட்டு தாயி. நல்லாத் திட்டு,” என்றேன்.

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “சார், மாமாவே பாத்தேன்னு சொல்றாரே, அது சாட்சி ஆகாதா?”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். “கழட்டினவரே சாட்சி சொன்னா யாரும்மா ஒத்துப்பாங்க? அந்த வாரம் அப்படி வண்டி விட்டோம்னு நான் எழுதிக் கொடுப்பேன். இந்த வண்டி அதுல ஒண்ணுன்னு பாக்காம எழுத முடியாது. நான் நம்புறேன். ஆனா நம்புறது வேற, பாத்தேன்னு கையெழுத்துப் போடறது வேற. இப்பப் போய் இந்த வண்டியக் காட்டினா, மாட்டிக்குவோம்னு பயந்து கழட்டிட்டாங்கன்னுதான் சொல்வாங்க.”

அண்ணன் இதையெல்லாம் கேட்டாரா என்றே தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயா வந்து எடுத்திருக்க மாட்டே. பத்து வருஷமா எடுக்கலையே. யாரு சொன்னது ஒனக்கு?”

அக்காதான் சொன்னாள்.

“நான்தான் சொன்னேன்.”

அவர் திரும்பினார். முகம் கொஞ்சம் இளகியது. “புதுசு மாதிரி இருந்தா நான் சந்தோஷப்படுவேன்னு செஞ்சியா? அடிப் பைத்தியமே.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தோடு போயிருக்கும். கொஞ்ச நாள் புலம்பிவிட்டு என்னைத் திட்டித் தீர்த்திருப்பார். சொல்லு அக்கா, ஆமான்னு சொல்லு என்று நான் மனசுக்குள் மன்றாடினேன். ஆனால் அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

“இல்ல,” என்றாள்.

“பின்ன?”

“ஆபரேஷன்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, நாளைக்கு யாராவது வந்து வண்டியப் பாத்துட்டு, இது அந்தத் திருட்டுச் சாமான்தானேன்னு புள்ள முன்னாடி கேட்டுடக் கூடாதுன்னு.”

தகரத்தின் ஓரத்திலிருந்து மழைத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீயும் நான் எடுத்தேன்னுதான் நெனச்சியா?” என்றார் அண்ணன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னைக்கே வந்து சொன்னேனே, நான் எடுக்கலைன்னு. நீ சரின்னியே.”

“சரின்னுதான் சொன்னேன்.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“என்ன சொல்றதுன்னு தெரியலை. நீங்க அழுதுக்கிட்டிருந்தீங்க. சரின்னேன். நீங்க எடுத்திருந்தாலும் நமக்காகத்தானே எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். கோபமே படலை. அடுத்த வாரமே இஸ்திரி வேலைக்குப் போனேன். ஒரு நாளாவது குத்திக் காட்டியிருக்கேனா, சொல்லுங்க?”

“இல்ல. காட்டினதில்ல.” வண்டியின் மேல் கையை வைத்தபடி, “அந்த வண்டியில மட்டும் ஏற மாட்டே. கூப்பிட்டா வாந்தி வருதும்பே. இதுக்குத்தானா?” என்றார்.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஒரு தடவ கேட்டிருக்கலாமே. நெசமாச் சொல்லுங்கன்னு மூஞ்சிக்கு நேரா ஒரே ஒரு தடவ.”

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா? அப்புறம் நான் என்ன பண்றது?”

இன்ஸ்பெக்டர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள் கையை விலக்கிவிட்டு அண்ணன் பக்கத்தில் போய், “இப்பத் தெரிஞ்சுபோச்சுங்க. தப்பு என்னோடதுதான். இப்ப நம்புறேன்,” என்றாள். அவர் தலையாட்டினார். துணியை எடுத்து வண்டியைப் போர்த்த ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் சமமாக விழும்படி இழுத்து விட்டார், அவர் எப்போதும் செய்வது போலவே.

மறுநாளிலிருந்து நான் நாய் மாதிரி அலைந்தேன். கப்பலில் போன பம்பர் போனதுதான். ரொட்டிக் கடைக்காரர் கைப்பிடிகளுக்கு முலாம் பூசிவிட்டிருந்தார், பார்த்தால் யாருடையது என்றே தெரியாது. பல் டாக்டரிடம் நான்கு தடவை போய்க் கெஞ்சி, எனக்கென்று பத்திரமாக வைத்திருந்த இன்னொரு டாஷ்போர்டைக் கொடுத்து, அதை வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். முதுகு பளிச்சென்று இருந்தது. நான் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்கிறவன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. சாய்த்துப் பார்த்தேன், பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு கீற்றுகூட இல்லை.

அந்த வீட்டில் சண்டை ஏதும் நடக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். அண்ணன் மோட்டார் கழற்றினார், மாட்டினார். முன்பெல்லாம் அக்கா வரும் நேரத்துக்கு வாசலில் நின்று, “இன்னைக்கு எத்தனை சட்டைய எரிச்சே?” என்று கிண்டல் பண்ணுவார், அவள் பதிலுக்கு அவர் மோட்டார்களைக் கிண்டல் பண்ணுவாள். தெரு முழுக்கக் கேட்கும். இப்போது வாசலில் யாரும் நிற்பதில்லை. “தண்ணி வேணுமா?” “வேணாம்.” “மாத்திரை போட்டாச்சா?” “ஆச்சு.” இவ்வளவுதான் கேட்டது. அக்கா அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்தாள். கண்ணுக்கு மருந்து விட நேரத்துக்கு ஓடி வருவாள். அவர் அண்ணாந்து காட்டுவார், விட்டதும் நன்றி என்பார். கட்டின பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிற மனுஷனை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைதான், மறைக்கவில்லை. அன்று சலவை நிலையத்துக்கு விடுமுறை. அக்கா முன்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் டாஷ்போர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு மஞ்சள் மெழுகுப் பென்சிலோடு, கொட்டகைக்குப் போனேன். அண்ணன் அங்கே ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நம்பர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த எழுத்தும் ஞாபகம் இருக்கு. ஒரு வாரம் எழுதிப் பழகியிருக்கேன். இதை வண்டியில மாட்டி, இன்ஸ்பெக்டரை ஒரு தடவ வரச் சொன்னா...”

“எழுதினா?”

“அவரே அவர் எழுத்துன்னு ஏமாந்துடுவார். கடுதாசி வந்துடும். பொய் இல்லையேண்ணே, அதே நம்பர்தானே! இருந்ததைத் திருப்பி எழுதுறோம், அவ்வளவுதானே?”

அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். “செய்யாத திருட்டுக்கு முப்பது வருஷம் அனுபவிச்சாச்சு. இப்பச் செஞ்சுடலாங்கிற.”

“நான் பண்ணின பாவத்துக்கு வேற வழி தெரியலைண்ணே.”

“உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லடா. நீ என்ன பண்ணுவே, உனக்குப் புத்தகம். விடு.”

“அப்ப அந்தக் கடுதாசி?”

அவர் கம்பியைக் கீழே வைத்தார். “அது கம்பெனிக்காரன் நம்பலைன்னு வாங்கப் பாத்தது. வீட்டுல நம்பிக்கை இருக்கு, வெளிய இல்ல, அதை மட்டும் சரி பண்ணிட்டாப் போதும்னு நெனச்சு, ஒரு திருகு மாறாம வெச்சிருந்தேன். இப்ப அதை வாங்கி எந்தச் சுவத்துல மாட்டுறது?”

“அக்காதான் இப்ப நம்புறாங்களே அண்ணே. அன்னைக்கே சொன்னாங்களே.”

“நம்புறா. அந்த இன்ஸ்பெக்டர் வந்து அரை மணி நேரம் உக்காந்து டீ குடிச்சுட்டுச் சொன்னார். நம்பிட்டா. நான் முப்பது வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

மறுபடி கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். “போடா, போய் வேலையப் பாரு,” என்றார். நான் டாஷ்போர்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கா மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. “என்ன தம்பி சொன்னார்? என்மேல கோபம் தணிஞ்சுதா?” என்று கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

“தணிஞ்சுதுக்கா,” என்றேன். “அவளை விட்டா எனக்கு யாரு இருக்கா, போனது போகட்டும்னார்.”

“அப்படியா சொன்னார்? நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேகமாக உள்ளே போய் அவருக்கு டீ போட ஆரம்பித்தாள். என் வாய்க்கு வந்த பொய்யை ஒரு நிமிஷத்தில் நம்பிவிட்டாள்.